முதல் இரண்டு நிமிடம்: மாணவர் எடுத்த திகில் படத்தின் தொடக்கத்தை மதிப்பிடுவது எப்படி?

மாணவர்கள் எடுத்த த்ரில்லரின் தொடக்கக் காட்சி ஓடி முடிந்ததும் முதலில் வரும் கேள்வி, "பயமா இருந்துச்சா?" மதிப்பீட்டுக்கு இதைவிடப் பயனில்லாத கேள்வி கிடையாது. பயம் ஆளுக்கு ஆள் மாறும். பார்க்கும் அறை, ஸ்பீக்கர், பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் நண்பன் என எதனாலும் மாறும். பதில் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், எதைத் திருத்துவது என்று அதிலிருந்து தெரியவராது.

கேட்க வேண்டியது வேறு. எந்த நொடியில் பார்வையாளருக்கு என்ன தெரிகிறது? எது மறைக்கப்பட்டிருக்கிறது? அதை வைத்து அடுத்து என்ன நடக்கும் என்று அவர் கணக்குப் போடுகிறார்? ஷாட், வெளிச்சம், ஒலி, எடிட்டிங், டைட்டில் எல்லாமே இந்தத் தகவலை அளந்து கொடுக்கும் கருவிகள்தான். இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால் "நல்லா இருக்கு", "கொஞ்சம் டல்" போன்ற சொற்கள் தானாக உதிர்ந்துவிடும்.

தொடக்கம் எது, எது இல்லை

மாணவர் பயிற்சிகளில் தொடக்கக் காட்சிக்கு இரண்டு நிமிடம் போலத்தான் தருவார்கள். அதற்குள் அது மூன்று வேலை செய்தாக வேண்டும். இடத்தையும் ஆளையும் நிலைநிறுத்த வேண்டும். இங்கே ஏதோ சரியில்லை என்று உணர்த்த வேண்டும். விடை தெரியாத ஒரு கேள்வியைப் பார்வையாளரின் மனதில் போட்டுவிட்டு விலக வேண்டும்.

இங்கே இரண்டு விதமாகத் தடம் மாறுகிறார்கள். முதலாவது, ட்ரெய்லர் எடுத்துவிடுவது. ஓடும் கால்கள், கத்தி, அலறும் முகம், கறுப்புத் திரை, மறுபடி ஓடும் கால்கள் என்று வெட்டு விழுந்துகொண்டே இருக்கும். ட்ரெய்லர் பல இடங்களிலிருந்தும் பல நேரங்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து ஆசை காட்டுவது. தொடக்கக் காட்சி பெரும்பாலும் ஒரே இடத்தில், தொடர்ச்சியான நேரத்தில் நடப்பது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஷாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் அர்த்தம் மாறவில்லை என்றால் கையில் இருப்பது ட்ரெய்லர்.

இரண்டாவது, குறும்படம் எடுத்துவிடுவது. பெண் வருகிறாள், முகமூடிக்காரன் பின்தொடர்கிறான், கொல்கிறான், முகமூடியைக் கழற்றுகிறான், முடிந்தது. இதில் அடுத்த தொண்ணூறு நிமிடத்துக்கு எந்த வேலையும் மிச்சமில்லை. சாவோடு தொடங்குவதில் தவறில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) நாயகன் சுடப்பட்டுச் சாவதில்தான் தொடங்குகிறது. ஆனால் சுட்டது யார் என்பதைத் தொடக்கம் கையோடு வைத்துக்கொள்கிறது. பாட்டே இல்லாத அந்தப் படம் முழுவதையும் அந்த ஒரு கேள்வி இழுத்துக்கொண்டு போகிறது. காட்சி முடிந்ததும் உங்களுக்குள் மிச்சமிருக்கும் கேள்வியை ஒரே வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதுதான் மதிப்பீட்டின் முதல் குறிப்பு.

கேள்வியின் தன்மையை வைத்தே படத்தின் வகையையும் சொல்லிவிடலாம். "யார் செய்தது, தப்பிப்பாளா, நேரத்துக்குள் தடுக்க முடியுமா" என்றால் த்ரில்லர். "அது என்ன, அதற்கு எல்லை எது" என்றால் திகில். மாணவர் படங்கள் பல இந்த இரண்டுக்கும் நடுவே தொங்குகின்றன. மனிதன் பின்தொடர்வதாகக் காட்டிவிட்டு, கூடவே விளக்குகள் தானாக அணைவதையும் பொம்மை கண் திறப்பதையும் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாகவே இருக்கும். ஆனால் பார்வையாளர் எந்த விதிப்படி பயப்படுவது என்று தெரியாமல் விலகிவிடுவார்.

திடுக்கிடல் வேறு, பதற்றம் வேறு

மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை வைத்து இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன விளக்கம் இந்தத் துறையில் பாலபாடம். குண்டு இருப்பது நமக்கும் தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. அங்கே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்தால், அதே பேச்சு பதினைந்து நிமிடப் பதற்றம். குண்டும் பேச்சும் மாறவில்லை. நமக்குத் தெரியவரும் நேரம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு அதிகம் தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைவிட நமக்கு அதிகம் தெரிந்தால் பதற்றம். பாத்திரத்துக்கும் நமக்கும் ஒன்றுபோலத் தெரிந்தால் புதிர். நம்மைவிடப் பாத்திரத்துக்கு அதிகம் தெரிந்தால் ஆர்வம், சில நேரம் சந்தேகம். நல்ல தொடக்கம் இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெரிந்தே நகரும். பலவீனமான தொடக்கத்தில் இது எடிட்டரின் கைத்தவறால் மாறும்.

பாத்திரத்தின் கண்ணாகவே கேமரா இயங்கும் பாயின்ட் ஆஃப் வியூ ஷாட்டை இங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். 1978-ல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் தொடக்கம் கொலைகாரனின் கண் வழியாகவே நகர்கிறது. நாம் அவனோடு நடக்கிறோம், ஆனால் அவன் யாரென்று தெரியாது. கடைசியில் முகமூடி விலகும்போது நிற்பது ஒரு சிறுவன். அந்த ஷாட் அங்கே இருப்பதற்குக் காரணம் அந்த மறைப்பு. மாணவர் படத்தில் புதருக்குப் பின்னாலிருந்து நடுங்கும் கேமரா எட்டிப் பார்த்தால், அது யாருடைய பார்வை, அதை மறைப்பதால் பின்னால் என்ன கிடைக்கப்போகிறது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அது வெறும் பழக்கதோஷம்.

நான்கு முறை பாருங்கள்

முதல் முறை நிறுத்தாமல், யாருடைய விளக்கமும் கேட்காமல், திரைக்கதையும் படிக்காமல் பாருங்கள். முடிந்த கையோடு நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள்: ஆள் யார், இடம் எது, ஆபத்து எங்கிருந்து வருகிறது, எனக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது? இதை எழுதிய பிறகுதான் குழு எழுதிவைத்த ஒருவரிக் கதையை வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நீங்கள் மதிப்பிடப்போவது. படம் எடுத்தவரே மதிப்பீடு எழுதுகிறார் என்றால், குறைந்தது இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்துவிட்டுப் பார்ப்பது நல்லது. எடிட்டிங் முடித்த அன்று பார்த்தால் திரையில் இல்லாததெல்லாம் தெரியும்.

இரண்டாவது முறை ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். பதற்றம் முழுவதும் காணாமல் போய்விட்டால் படம் பின்னணி இசையின் தோளில் சவாரி செய்திருக்கிறது. மூன்றாவது முறை திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இடம் எது, ஆள் நடக்கிறாளா நிற்கிறாளா, ஆபத்து பக்கத்தில் இருக்கிறதா என்று காதுக்குத் தெரிகிறதா? ஒரே இசைத்துண்டு ஓடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டால், ஒலி வடிவமைப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை.

நான்காவது முறைதான் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, ஷாட் எண், டைம்கோட் (படத்தின் எந்த நிமிடம், நொடி என்பது), ஷாட்டின் அளவு, நீளம், அதில் வந்த புதுத் தகவல் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் குறிக்க வேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் ஷாட்டுகள்தான் "இழுவை" என்று நீங்கள் உணர்ந்தவை. இரண்டு நிமிடத்தில் முப்பது ஷாட் என்றால் சராசரி நான்கு நொடி. இந்தச் சராசரியை மட்டும் எழுதி எந்தப் பயனும் இல்லை. ஆபத்து நெருங்க நெருங்க ஷாட்டின் நீளம் குறைகிறதா, அல்லது வேண்டுமென்றே நீள்கிறதா என்ற போக்குதான் முக்கியம். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா ஷாட்டும் மூன்று, நான்கு நொடியிலேயே இருந்தால் எடிட்டிங் எதையும் சொல்லவில்லை.

இருபத்துநான்கு நொடி, அருகிலிருந்து

மாதிரிக்கு ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பூட்டும் நேரத்தில் நூலகம். ஊழியப் பெண் ஒருத்தி புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிறாள். 00:38-ல் மிட் ஷாட் (இடுப்புக்கு மேல்), புத்தகத்தைச் செருகுகிறாள், நான்கு நொடி. 00:42-ல் வைட் ஷாட் (இடம் முழுவதும்), கடைசி வரிசை விளக்கு அணைகிறது, மூன்று நொடி. 00:45-ல் முகம் க்ளோஸ்-அப், திரும்புகிறாள், இரண்டு நொடி. 00:47-ல் அவள் பார்க்கும் இருண்ட வரிசை, மூன்று நொடி. 00:50-ல் முன்னால் அவள், அவளுக்குப் பின்னால் இரண்டு அலமாரிக்கு நடுவே ஒரு உருவம், "டங்" என்று இசை, இரண்டு நொடி. 00:52-ல் செல்போனை எடுத்துப் பார்க்கிறாள், ஆறு நொடி. 00:58-ல் நடந்து போகிறாள், நான்கு நொடி.

முதலில் 00:42. விளக்கு அணைவதை நாம் பார்த்த பிறகுதான் அவள் திரும்புகிறாள். ஆனால் அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள். எதைக் கேட்டுத் திரும்பினாள்? விளக்கின் "டிக்" சத்தத்தை 00:42 வெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் (சுமார் அரை நொடி) முன்னாலேயே, மிட் ஷாட்டின் மேலேயே கொண்டுவந்தால் அவள் கை ஒரு கணம் நிற்பதற்கும் தலை திரும்புவதற்கும் காரணம் கிடைத்துவிடும். ஒலியை முந்தவிடும் இந்த வெட்டுக்கு ஜே-கட் என்று பெயர்.

அடுத்து 00:50. இங்கே அவளைவிட நமக்கு அதிகம் தெரிகிறது. பதற்றத்துக்கான அமைப்பு கையில் வந்துவிட்டது. ஆனால் "டங்" என்ற இசை அதைத் திடுக்கிடலாக மாற்றி இரண்டு நொடியில் தீர்த்துவிடுகிறது. அதன் பின் பத்து நொடிக்கு உருவம் திரையில் வருவதே இல்லை. அது நெருங்கியதா, போய்விட்டதா என்று தெரியாமல் பார்வையாளர் செல்போனை வேடிக்கை பார்க்கிறார்.

இதைத் திருத்த மறுபடி ஷூட் போக வேண்டாம். இசையை எடுத்துவிட்டு, 00:50 ஷாட்டை நான்கைந்து நொடி பேசாமல் ஓடவிடலாம். பின்னால் நிற்பதைப் பார்வையாளரே கண்டுபிடிக்கட்டும். செல்போன் ஷாட்டை மூன்று நொடியாகக் குறைத்து, மறுபடி அதே கோணத்துக்கு வர வேண்டும், இந்த முறை உருவம் இல்லாமல். அப்படி ஒரு ஷாட் எடுக்கவில்லையே என்று தோன்றலாம். அதே அமைப்பில் கேமரா ஓடத் தொடங்கியதற்கும் உருவமாக நடித்தவர் வந்து நின்றதற்கும் இடைப்பட்ட சில நொடிகள் ரஷ்ஸில் (வெட்டாத மூலப் பதிவில்) பெரும்பாலும் கிடைக்கும். தேடிப் பார்க்காமல் "ஃபுட்டேஜ் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

காது முதலில், கண் பிறகு

மதிப்பெண் பிரித்துப் போடச் சொன்னால் நூற்றில் முப்பதைத் தகவல் பங்கீட்டுக்கும், இருபத்தைந்தை ஒலிக்கும், இருபதை எடிட்டிங்குக்கும், பதினைந்தைப் படப்பிடிப்புக்கும், பத்தை டைட்டிலுக்கும் தரலாம். ஒலிக்குப் படத்தைவிட அதிகமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். இரைச்சலான, துண்டு துண்டாக அறுபடும் ஒலியைப் பொறுக்க மாட்டார். திகிலில் இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் திரைக்கு வெளியே இருக்கும் ஆபத்தைப் பெரும்பாலும் ஒலியால்தான் காட்ட முடியும்.

மிக அதிகம் நடக்கும் தவறு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தாழ்ந்த ரீங்காரத்தை முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓடவிடுவது. முப்பது நொடியில் காது அதற்குப் பழகிவிடும். பிறகு அது ஃபேன் சத்தத்துக்குச் சமம். இரண்டாவது தவறு அளவு சம்பந்தப்பட்டது. டிஜிட்டல் டைம்லைனில் 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டினால் ஒலி உடையும். பேச்சின் உச்சங்களை மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையே வைப்பது வழக்கம். அதிர்ச்சி ஒலி மைனஸ் 3-ல் வருகிறது, ஆனால் அதற்கு முன்னால் ரீங்காரம் மைனஸ் 10-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இடைவெளி ஏழு டெசிபல்தான். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்றவே சுமார் பத்து டெசிபல் கூட வேண்டும். அதிர்ச்சி ஒலியை இன்னும் ஏற்ற முடியாது, கூரை இடிக்கும். முன்னால் உள்ளதை மைனஸ் 30, 35 வரை இறக்கினால் போதும். அதிர்ச்சியின் பலம் அதற்கு முந்தைய அமைதியில் இருக்கிறது.

அமைதி என்றால் ஒலித்தடத்தைச் சுத்தமாகக் காலி செய்வதாகாது. அப்படிச் செய்தால் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதோ என்றுதான் தோன்றும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காற்று உண்டு. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கவைத்து முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை அந்த இடத்தின் வெற்று ஒலியைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாத படத்தை வெட்டுகளிலேயே கண்டுபிடித்துவிடலாம்: ஒவ்வொரு ஷாட் மாறும்போதும் பின்னணி "ஸ்ஸ்" கூடிக் குறையும். குளிர்பதனப் பெட்டியும் ஏசியும் ஓடிய அறையில் எடுத்திருந்தால் இது இன்னும் மோசமாகக் கேட்கும்.

காலடி, கதவு, துணி உரசல் போன்றவை பின்னால் சேர்க்கப்பட்டிருந்தால் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒத்திசைவு: இரண்டு, மூன்று ஃப்ரேம் தள்ளினாலே காலடி உறுத்தும். தூரம்: ஐம்பதடிக்கு அப்பால் நடப்பவரின் காலடி, மைக் பக்கத்தில் மிதித்ததுபோல் கேட்டால் பார்வையாளர் ஆபத்தின் தூரத்தைத் தவறாகக் கணிப்பார்.

இருட்டு, திசை, தொடர்ச்சி

திகில் என்றால் இருட்டு என்று நினைத்து வெளிச்சமே இல்லாமல் எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் பிரகாசத்தை ஏற்றுவார்கள். நிழல் பகுதிகளில் புள்ளிப் புள்ளியாக நெளியும் இரைச்சல் அதனால் வருவதுதான். ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) மிகக் கூட்டினாலும் இதே கதி. இருண்ட ஃப்ரேம் வேறு, வெளிச்சம் போதாத ஃப்ரேம் வேறு. இருண்ட ஃப்ரேமில் எங்காவது ஒரு சரியான வெளிச்சப் புள்ளி இருக்கும்: ஜன்னல் விளிம்பு, மேசை விளக்கு, கன்னத்தின் ஓரம். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் வேண்டுமென்றே இருட்டாக்கப்பட்டது என்று கண் நம்பும். ஃப்ரேமை நிறுத்தி, அப்படியொரு புள்ளி இருக்கிறதா, பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டிங் செய்த திரையில் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், இன்னொரு திரையிலும் புரொஜெக்டரிலும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். இருட்டுக் காட்சிகள் திரைக்குத் திரை அவ்வளவு மாறும்.

கேமராவைத் தானியங்கி முறையில் விட்டிருந்தால் அதன் தடயங்கள் தெரியும். பாத்திரம் விளக்கைக் கடக்கும்போது முழு ஃப்ரேமும் மூச்சு விடுவதுபோல் வெளுத்துக் கறுக்கும். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். குழல்விளக்குக்குக் கீழே எடுத்ததில் பட்டை பட்டையாகத் துடிப்பு ஓடினால் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியை வாங்கும் நேரம்) மின்சாரத்தோடு பொருந்தவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் நொடியில் 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 60-ல் ஒன்று அல்லது 120-ல் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

துரத்தும் காட்சிகளில் திசையைப் பாருங்கள். அவள் திரையில் இடமிருந்து வலமாக நடந்தால், பின்தொடர்பவனும் இடமிருந்து வலமாகவே வர வேண்டும். அவனை வலமிருந்து இடமாகக் காட்டினால் எதிரிலிருந்து வருவதாகத்தான் மூளை புரிந்துகொள்ளும். இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்பதைத்தான் 180 டிகிரி விதி என்கிறார்கள். "குழப்பத்தைக் காட்டத்தான் விதியை மீறினோம்" என்று மதிப்பீட்டில் எழுதுவதற்கு முன், குழப்பம் பாத்திரத்துக்கா நமக்கா என்று யோசிப்பது நல்லது.

கையில் இருந்த பை தோள் மாறுவது, சுவர்க் கடிகாரம் பின்னோக்கிப் போவது, கண்ணாடியில் கேமராக்காரர் தெரிவது போன்ற தொடர்ச்சிப் பிழைகளை ஒரு வரியில் பட்டியல் போட்டுவிட்டு நகரலாம். முதல் பார்வையில் கண்ணில் படாத பிழைக்காகப் பாதிப் பக்கம் செலவழிக்க வேண்டியதில்லை.

டைட்டில்

தொடக்கக் காட்சியில் பெயர்கள் வருவதால் அதையும் மதிப்பிட வேண்டும். தயாரிப்பு நிறுவனம், நடிகர்கள், படத்தின் பெயர், தொழில்நுட்பக் கலைஞர்கள், தயாரிப்பாளர், கடைசியில் இயக்குநர் என்பது பரவலான வரிசை. ஒரு பெயரை அவசரமில்லாமல் இரண்டு முறை வாசிக்கும் நேரம் அது திரையில் இருந்தால் போதும். முக்கியத் தகவல் வரும் ஷாட்டில் பெயர் போட்டால் கண் பெயருக்குப் போய்விடும். நூலகக் காட்சியின் 00:50-ல் எழுத்து வந்தால் பின்னால் நிற்கும் உருவத்தைப் பாதிப் பேர் தவறவிடுவார்கள். ரத்தம் சொட்டும் எழுத்துருவைப் பற்றி ஒன்று: அது பயத்தை அறிவிக்கிறது, உண்டாக்குவதில்லை. இரண்டுக்கு மேல் எழுத்துரு இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

யாரைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்

தனியாக இருக்கும் இளம்பெண், தொப்பி மூடிய முகம், வெறிச்சோடிய இடம், அழைத்தும் இணைப்புக் கிடைக்காத தொலைபேசி. இவை இந்த வகையின் மரபுகள். மரபைப் பயன்படுத்துவது குறையாகாது. பார்வையாளரை விரைவாக உள்ளே இழுக்க அது உதவும். மதிப்பீட்டில் எழுத வேண்டியது, எந்த மரபை அப்படியே எடுத்தார்கள், எதைத் திருப்பிப் போட்டார்கள், ஏன் என்பது. பலியாவது எப்போதும் பெண்ணா? ஆபத்தாக வருபவருக்கு மனநோய், உடல் குறை, முகத் தழும்பு போன்ற அடையாளங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? அந்த அடையாளத்தை நீக்கிவிட்டாலும் காட்சி நிற்கிறது என்றால், அது சோம்பலால் வந்தது என்று தயங்காமல் குறிப்பிடலாம்.

மற்றவர்களிடம் காட்டும்போது

கதை தெரியாத ஐந்தாறு பேர் போதும். குழுவின் நெருங்கிய நண்பர்கள் வேண்டாம். முன்னுரை எதுவும் சொல்லக் கூடாது, "ஒலி இன்னும் சரியா முடியல, ஆனா..." என்று ஆரம்பித்தாலே சோதனை கெட்டுவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதித் தரட்டும். கூட்டமாகப் பேசவிட்டால் முதலில் வாய் திறந்தவரின் கருத்தே எல்லோருடைய கருத்தும் ஆகிவிடும்.

பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பது மிகவும் பயன் தரும். ஐந்து பேரும் ஒரே விடையை, அதுவும் சரியாகச் சொன்னால் காட்சி ஊகிக்கக் கூடியதாக இருக்கிறது. ஐந்து பேர் ஐந்து விதமாக, கதைக்குச் சம்பந்தமில்லாமல் சொன்னால் தகவல் போய்ச் சேரவில்லை. இரண்டு மூன்று சாத்தியங்களுக்குள் விடைகள் சுற்றிவந்தால் காட்சி வேலை செய்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வுகளை அப்படியே ஏற்க வேண்டாம். "இசையைக் கூட்டுங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த இடத்தில் எதையோ உணரவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து கிடைக்கும் செய்தி.

எழுதும் விதம்

"கேமரா கோணங்கள் பயத்தை உருவாக்க உதவின. எடிட்டிங் வேகமாக இருந்தது. இசை பொருத்தமாக இருந்தது." இப்படி எழுதினால் எந்தப் படத்துக்கும் ஒட்டவைக்கலாம். ஒவ்வொரு கருத்துக்கும் டைம்கோட், திரையில் உள்ளது, விளைவு, காரணம், மாற்று ஆகிய ஐந்தும் வேண்டும். நூலகக் காட்சிக்கு இப்படி எழுதலாம்: "00:50-ல் பின்னணியில் உருவம் தோன்றும்போது பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. ஆனால் அதே ஃப்ரேமில் இசை வெடிப்பதால் கவனம் உருவத்தைத் தேடுவதை விட்டுத் திடுக்கிடலோடு முடிகிறது. ஐந்து பார்வையாளரில் மூவர் அதன் பின் பதற்றம் குறைந்ததாக எழுதினர். இசையை நீக்கி ஷாட்டை ஐந்து நொடியாக நீட்டுவது சரியாக இருக்கும்." குறையை மட்டும் அல்லாமல் சரியாக அமைந்ததையும் இதே கறாரோடு எழுத வேண்டும். 00:47-ல் இருண்ட வரிசையைக் காட்டும் ஷாட்டில் எதுவுமே நடக்காமல் மூன்று நொடி விட்டது நன்றாக இருக்கிறது என்றால், ஏன் என்று சொல்லுங்கள்: எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் ஃப்ரேம் முழுக்க அலைகிறது.

திருத்தங்களைச் செலவு குறைந்ததிலிருந்து அடுக்கிக்கொள்வது நல்லது. முதலில் ஷாட்டின் தலையையும் வாலையும் கத்தரிப்பது, வரிசையை மாற்றுவது, வெட்டு இறுதியான பிறகு ஒலி அளவும் சேர்ப்பும், அதன் பின் நிறத் திருத்தம், டைட்டிலின் இடம். மறுபடிப் படப்பிடிப்பு கடைசியில். ஒலியைக் கட்டி முடித்துவிட்டு வெட்டுக்குத் திரும்பினால் எல்லாக் காலடிகளையும் மறுபடி நகர்த்த வேண்டிவரும். மறுபடி ஷூட் போவது என்று முடிவானால் ஷாட் பட்டியலில் "புதுத் தகவல்" கட்டம் காலியாக இருக்கும் இடங்களுக்கு எதையும் எடுக்க வேண்டாம், அவற்றை நீக்கினால் போதும். பார்வையாளர் தவறாகப் புரிந்துகொண்ட இடத்துக்கு மட்டும் இரண்டு, மூன்று ஷாட் எடுங்கள். அதே லென்ஸ், அதே உடை, அதே நேர வெளிச்சம் கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.